தாலி கட்டியாச்சு... கெடு 90 நாள்! மொய் நோட்டு பத்திரமா இருக்கு, கல்யாணப் பதிவு எங்கே?

உத்திரமேரூர்,

கல்யாணம் என்றால் உத்திரமேரூர் பக்கம் ஆறு மாசத்துக்கு ஓட்டம்தான். ஜாதகம் பார்க்கணும், காஞ்சிபுரம் போய் முகூர்த்தப் பட்டு எடுக்கணும், மண்டபம், சமையல், மைக்செட், பேனர் என்று வேலை நீண்டுகொண்டே போகும். கல்யாணத்தன்று மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். திருப்புலிவனம் மாமா 501, சாலவாக்கம் சித்தப்பா 1001 என்று ஒரு ரூபாய் விடாமல் கணக்கு ஏறும். அந்த நோட்டு இருபது வருஷம் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

ஆனால் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடந்தது என்று அரசாங்க புத்தகத்தில் ஒரு வரி எழுத வைக்க மட்டும் நிறைய குடும்பத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. "தாலிதான் கட்டியாச்சே, அதுக்கு மேல என்ன சாட்சி?" என்பார்கள்.

அந்தச் சாட்சி எப்போது தேவைப்படும் என்பது கல்யாணத்தன்று தெரியாது.

யோசித்துப் பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு நம்ம கிராமங்களில் இருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பையன்கள் எத்தனை பேர்! சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்கள், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். நாளைக்கு அவனுக்கு ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால், 1995-ம் வருஷத்து பி.எப். பென்ஷன் திட்டத்தில் மனைவிக்கு விதவை பென்ஷன் உண்டு. ஆனால் 'நான்தான் மனைவி' என்று அவள் நிரூபிக்கணும். மாமியார் வீட்டில் ஒத்துக்கொண்டால் சரி. பணம் என்று வந்த பிறகு 'இவ யாருன்னே தெரியாது' என்று கையை விரிக்கிற வீடும் இருக்கத்தான் செய்கிறது. அப்போது கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலையப்போவது யார்? கைக்குழந்தையோடு அந்தப் பெண்தான்.

பாஸ்போர்ட்டில் மனைவி பேரைச் சேர்ப்பது, வெளிநாட்டு வேலைக்குப் போனவன் குடும்பத்தை அழைப்பது, ஜீவனாம்ச கேஸ், புருஷன் ரகசியமாக இரண்டாம் கல்யாணம் பண்ணினால் போலீசில் புகார் - எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி அந்த சர்டிபிகேட்தான்.

லைசென்ஸ் வாங்கணுமா?

அமெரிக்காவில் கல்யாணத்துக்கு முன்னாடியே கவுண்டி ஆபீசில் லைசென்ஸ் வாங்கணும். அது இல்லாமல் பாதிரியார் கல்யாணத்தை நடத்தி வைக்க மாட்டார். நம்ம ஊரில் அந்த மாதிரி முன் அனுமதி இந்துக் கல்யாணத்துக்குக் கிடையாது. சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். முஸ்லிம்களுக்கு ஜமாத் தப்தரில் எழுதுகிற வழக்கம் உண்டு. கோவிலில் தாலி கட்டுகிறவர்களுக்கு முகூர்த்த நேரம் தவிர வேறு தடை இல்லை. அதனால் இங்கே வாசல் கதவே கல்யாணத்துக்குப் பிறகுதான் இருக்கிறது. அதைத் தாண்ட மறந்தால் யாரும் கூப்பிட்டுக் கேட்பதும் இல்லை. அதுதான் இதில் உள்ள கோளாறு.

2006-ம் வருஷம் பிப்ரவரி 14-ந்தேதி (ஆமாம், காதலர் தினத்தன்றுதான்) சீமா என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. எந்த மதமானாலும் கல்யாணத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி மாநிலங்கள் விதி கொண்டுவர வேண்டும் என்றது. அதன்படி தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ல் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 24-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது.

சட்டம் சொல்வது சிம்பிள். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்யணும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் டைம். மொத்தம் 150 நாள். சட்டம் வந்தபோது போட்ட கட்டணம் 90 நாளுக்குள் ரூ.100, அதற்கு மேல் ரூ.150. இன்றைய ரேட்டை ஆபீசில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு பிரியாணி விலைதான்!

நம்ம மாசக் கணக்கில் சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். தை மாசக் கடைசி முகூர்த்தத்தில் தாலி ஏறினால் சித்திரை முடிவதோடு 90 நாள் சரி. ஆனி முடிவதற்குள் 150-ம் போச்சு. ஆடிக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வரும்போது கெடு தாண்டியாச்சு. தாலி பிரித்துக் கோர்க்கிற நாளை எந்த வீட்டிலும் மறப்பதில்லை. அன்றைக்கே வண்டியை அப்படியே சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் திருப்பினால் என்ன?

முன்பு இன்னொரு தொல்லை இருந்தது. கல்யாணம் எங்கே நடந்ததோ அந்த எல்லைக்கு உள்பட்ட ஆபீசில்தான் பதியணும். திருத்தணி முருகன் கோவிலில் தாலி கட்டினால் திருத்தணிக்கே திரும்பப் போகணும். 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது பெண் வீடு அல்லது மாப்பிள்ளை வீடு இருக்கிற எல்லையிலும் பதியலாம். இது வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம்ம பக்கம் பல பேருக்குத் தெரியவில்லை.

பத்திரிகை அடிக்கும்போதே...

லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் கல்யாணத்துக்கு முன்னாடியே பார்க்கவேண்டிய வேலை இருக்கிறது. பேர்!

பையனை வீட்டில் 'பாபு' என்று கூப்பிடுவார்கள். பத்திரிகையில் 'திருநிறைச்செல்வன் பாபு' என்று அச்சாகும். ஆதாரில் வேறு பேர், பள்ளிக்கூட டி.சி.யில் இன்னொரு எழுத்து, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா என்று குழப்பம். பதிவு ஆபீசில் பத்திரிகையும் ஆதாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வார்கள். ஒரு நாள் கூலி போச்சு. செல்லப் பேரைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்டிபிகேட் பேரையும் சேர்த்துப் போடுங்கள். மண்டப ரசீதையோ கோவில் ரசீதையோ கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வயசு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. "பொண்ணுக்கும் 21 ஆக்கிட்டாங்களாமே?" என்று இன்னும் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் அப்படி ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது உண்மை. நிறைவேறவில்லை. 2024-ல் அந்த மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது. ஆகவே 18-தான்.

வயசுக்கு ஆதாரை மட்டும் நம்பிப் போகவேண்டாம். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயசை முடிவு செய்ய ஆதாரைவிட பள்ளிச் சான்றிதழே மேல் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வயசுக்கு ஆதாரம் கேட்பது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? வைகுண்ட பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்து குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதில் சபைக்கு நிற்கிறவன் 35-க்கு மேல் 70-க்குள் இருக்கணும் என்று கி.பி. 921-லேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்!

18 நிறையாத பெண்ணுக்கு ஊருக்குத் தெரியாமல் கோவிலில் தாலி கட்டிவிட்டு, 'ரிஜிஸ்டர் பண்ணினால்தானே வம்பு, விட்டுடு' என்று நினைக்கிற வீடுகளும் உண்டு. கல்யாணத்தை மறைக்கலாம். பிரசவத்தை மறைக்க முடியுமா? கர்ப்பம் என்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து நம்பர் வாங்கணும். அங்கே வயசு வெளியே வந்துவிடும். விஷயம் போலீசுக்குப் போகும். 18 வயசுக்குள் என்றால் மனைவியே ஆனாலும் குற்றம்தான் என்று 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. போக்சோ சட்டம் பாயும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் மாப்பிள்ளை மட்டும் அல்ல, நடத்தி வைத்தவர்களுக்கும் 2 வருஷம் வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம். ஒரு சின்னப் பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, வெளியே குடும்பமே போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கும். இப்படி ஒரு கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்கு ஒரு போன் போதும்.

காதல் ஜோடிகள் ஏமாறும் இடம்

இந்த விஷயத்தில் அதிகம் ஏமாறுவது வீட்டை விட்டு வரும் காதல் ஜோடிகள்தான். 'ரிஜிஸ்டர் மேரேஜ்' என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். இரண்டு வகை இருக்கிறது.

பையன் ஒரு மதம், பெண் ஒரு மதம், யாரும் மாறப்போவதில்லை என்றால் 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். நம்ம நாட்டில் முன்கூட்டியே ஆபீசுக்குப் போகவேண்டிய கல்யாணம் இதுதான். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் கொடுக்கணும். அதை ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் காத்திருக்கணும். அப்புறம் 3 சாட்சியோடு கல்யாணம். நோட்டீஸ் கொடுத்து 3 மாசத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலில் இருந்து.

அந்த 30 நாள்தான் பயங்கரம். கிராமத்தில் ஒருத்தர் பார்த்தால் போதும், சாயந்திரத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே 2016 மார்ச் 13-ந்தேதி சங்கரை வெட்டிச் சாய்த்ததை மறக்க முடியுமா? 2021-ல் அலகாபாத் ஐகோர்ட்டு, ஜோடி விரும்பினால்தான் நோட்டீஸ் ஒட்டணும் என்றது. அது உத்தரபிரதேசத்தில் வந்த தீர்ப்பு. பலகையில் ஒட்டச் சொல்லும் பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதை எடுத்துவிடுவதே நல்லது.

ஆனால் பையனும் பெண்ணும் இந்து, ஜாதிதான் வேறு என்றால் இந்த 30 நாள் நோட்டீசே தேவை இல்லை! இது தெரியாமல் எத்தனை ஜோடி பயந்து ஓடுகிறது. அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தம், 7-ஏ பிரிவு. சொந்தக்காரர், நண்பர் யாராவது முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் சுயமரியாதைத் திருமணம் செல்லும். அய்யர் வேண்டாம். வக்கீல் ஆபீசில் ரகசியமாக நடந்தால் செல்லாது என்று 2014-ல் சென்னை ஐகோர்ட்டு சொன்னதை, 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. ஊரைக் கூட்டித்தான் கட்டணும் என்று இல்லை, வக்கீலும் நண்பர் என்ற முறையில் நடத்தி வைக்கலாம் என்றது. வயசு வந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. மிரட்டல் வந்தால் எஸ்.பி. ஆபீசுக்குப் போகலாம். இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிர் ஏமாற்றும் உண்டு. சடங்கே இல்லாமல் பேப்பர் மட்டும் வாங்குவது. அப்படி சர்டிபிகேட் வாங்கிய ஒரு பைலட் ஜோடியின் வழக்கில், சடங்கு நடக்காத இந்துக் கல்யாணம் கல்யாணமே இல்லை, பதிவுச் சான்று மட்டும் அதைக் கல்யாணம் ஆக்காது என்று 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 'கையெழுத்து போடு, தாலி அப்புறம் கட்டுறேன்' என்று எவனாவது சொன்னால், தங்கச்சிகளே, உஷார்!

பஞ்சாயத்து ஆபீசில் முடிக்கக்கூடாதா?

இப்போது tnreginet தளத்தில் விவரத்தைப் போட்டுவிட்டுப் போகலாம் என்கிறார்கள். படித்த பையன் வீட்டில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர், எழுத்தர் கடை என்று போகணும். பல ஊர்களில் நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் 'பேக்கேஜ்' பேசுகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாள் என்றால் நிலப் பத்திரம் பதிய வருகிற கூட்டம் வேறு. அந்தக் கூட்டத்தில் புது ஜோடி சாட்சிகளோடு நிற்கணும். சாட்சிக்கு வருகிறவருக்கும் அன்றைக்குக் கூலி இல்லை.

பக்கத்து கேரளாவில் 2008-ல் கொண்டுவந்த விதிப்படி கிராம பஞ்சாயத்து ஆபீசிலேயே கல்யாணத்தைப் பதிகிறார்கள். அங்கே கெடு 45 நாள்தான், நம்மைவிடக் குறைவு. ஆனால் ஆபீஸ் வீட்டுப் பக்கத்தில். இங்கேயும் அப்படிச் செய்தால், அதுவும் முடியாவிட்டால் மண்டபம் புக் செய்யும்போதே படிவத்தைக் கையில் கொடுத்தால், பாதிப் பேர் தானாகவே பதிந்துவிடுவார்கள். இது கட்டாயச் சட்டம் என்கிறீர்கள், சரி. கட்டாயப்படுத்துகிறவர்கள் அதற்கு வழியையும் பக்கத்தில் வைக்கணும் அல்லவா?

150 நாளும் போய்விட்டதா? பயப்படவேண்டாம். பதியவில்லை என்பதற்காக மட்டும் இந்துக் கல்யாணம் செல்லாமல் போகாது. இந்து திருமணச் சட்டம் 8-வது பிரிவில் பழைய கல்யாணத்தையும் பதியலாம், அதில் நாள் கெடு இல்லை. மற்ற மதத்தவர்களுக்கு சிறப்புத் திருமணச் சட்டம் 15-வது பிரிவு இருக்கிறது. அதற்கு மறுபடியும் 30 நாள் நோட்டீஸ் உண்டு. பதியும் நாளில் கணவன், மனைவி இரண்டு பேருக்குமே 21 வயசு நிறைந்திருக்கணும். கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆனவர்கள் பீரோவில் அந்தப் பழைய பத்திரிகை இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பார்க்கலாம். மொய் நோட்டுக்குள்தான் மடித்து வைத்திருப்பார்கள்.