அலமாரிக் கதவும் அம்மாவின் பகல் தூக்கமும்

டமார்!

காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் கேட்கும் சத்தம் இது. அம்மா நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. எட்டரைக்கு வந்து, குளித்து, ரெண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு படுத்தால் மதியம் மூணு வரைக்காவது தூங்க வேண்டும். வீட்டில் எல்லோருடைய துணியும் இருக்கிற அலமாரியும் அதே ரூமில்தான். அப்பா வேட்டி எடுக்க ஒரு டமார், நான் சட்டை எடுக்க ஒரு டமார், தம்பி எதையாவது தேட நாலு டமார். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டார். புரண்டு படுப்பார், அவ்வளவுதான். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

போன வருடம் பழைய அலமாரியைச் செல் அரித்துவிட, புதுசு செய்வதாக முடிவானது. "சாஃப்ட் க்ளோஸ் ஹிஞ்ச் போடலாம்ப்பா" என்றேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். "கதவை மெதுவா மூட ஒரு மெஷினா? கையை வெச்சு மூடுங்கடா. காசா பணமா?"

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உபதேசம் எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது; சத்தமாக மூடுவதில் முதல் ஆளே அப்பாதான்! அவசரத்தில் இருக்கிற மனுஷனுக்குக் கை மெதுவாகப் போகாது. இவ்வளவு நாள் எல்லோரும் இதைப் பகட்டு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். பகலில் தூங்கியே தீர வேண்டிய ஒருவர் இருக்கிற வீட்டில் இது ஃபேன் மாதிரி, லைட் மாதிரி. அவ்வளவுதான் என் கட்சி.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஹிஞ்சில் இருக்கிற ஸ்பிரிங் கதவைக் கடைசியில் உள்ளே இழுக்கும். பக்கத்திலேயே ஒரு குட்டி சிலிண்டர், அதற்குள் எண்ணெய், ஒரு பிஸ்டன். எண்ணெய் சின்ன இடுக்கு வழியாகத்தான் நகர முடியும். நீங்கள் வேகமாகத் தள்ளத் தள்ள அது அதிகமாக எதிர்க்கும். ஊசி போடுகிற சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் விரல் வலிக்கும் இல்லையா, அதே கதைதான். பிளம், ஹெட்டிக், எப்கோ என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் அடிப்படை இதுதான்.

ஆனால் இங்கேதான் எனக்கும் கடைக்காரர்களுக்கும் சண்டை. அவர்கள் ஹிஞ்சைக் கையில் கொடுத்து, திறந்து மூடிக் காட்டி மயக்குகிறார்கள். கதவு எப்படிப்பட்டது, எத்தனை அடி, எவ்வளவு கனம் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் காசை முதலில் கொட்ட வேண்டியது கதவுப் பலகையில். வளைந்த கதவை எந்த ஹிஞ்சும் காப்பாற்றாது. ஏழு அடிக் கதவுக்கு பிளைவுட்டை விட பிளாக்போர்டு அவ்வளவாக வளையாது என்று எங்கள் கார்பென்டர் அண்ணன் சொன்னார், கேட்டுக்கொண்டோம். மைக்காவை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு உள்பக்கம் பெயிண்ட் அடித்து மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை ஈரத்தை ஒரே மாதிரி இழுக்காது, கொஞ்ச நாளில் வில் மாதிரி ஆகிவிடும்.

ஹிஞ்ச் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கதவு அலமாரியின் பக்கப் பலகையை முழுசாக மறைக்கிறதா, பாதி மறைக்கிறதா (நடுப் பலகையில் ரெண்டு கதவு பங்கு போட்டுக்கொள்ளுமே, அது), இல்லை பலகைக்கு உள்ளே உட்காருகிறதா? மூன்றுக்கும் ஹிஞ்சின் வளைவு வேறு வேறு. மாற்றி வாங்கிவிட்டு ஆட்டோவில் திரும்பப் போன அனுபவம் எனக்கு உண்டு :-)

துளை போடுவதில் கவனம் தேவை. ஹிஞ்சின் கிண்ணத்துக்கு 35 மில்லிமீட்டர் அகலத்தில், கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். கதவு 18 மில்லிமீட்டர் என்றால் மிச்சம் இருப்பது ஆறுதான். டிரில் கொஞ்சம் கூடப் போனால் வெளிப்பக்க மைக்காவில் கொப்புளம் தெரியும்.

எங்கள் வீட்டில் துளை ஒழுங்காகத்தான் விழுந்தது. எண்ணிக்கையில்தான் கோட்டை விட்டோம். "மூணு போதும் தம்பி, இருபது வருஷமா மூணுதான் போடுறேன்" என்றார் அண்ணன். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஏழு அடிக் கதவே பன்னிரண்டு, பதிமூன்று கிலோ வரும். அதில் ஒன்றில் அம்மாவுக்காக நாலடிக்கு ஒரடி கண்ணாடி வேறு ஒட்டினோம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி அந்த அளவில் மூன்றரை கிலோவுக்கு மேல். ஒரே மாதத்தில் அந்தக் கதவு மூக்கைத் தொங்கப் போட்டு, பக்கத்துக் கதவில் உரச ஆரம்பித்தது. மெதுவாக வந்து, கடைசி ஒரு அங்குலத்தில் அப்படியே நின்றுவிடும். அப்பாவுக்குக் கொண்டாட்டம். "உன் மெஷின் தூங்கிடுச்சு போல!" என்று சொல்லி, கையால் ஓங்கித் தள்ளுவார். டமார்.

அண்ணனுக்கு போன் போட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், வந்து பார்த்துவிட்டு அவரே சிரித்தார். இன்னும் ரெண்டு ஹிஞ்ச், மொத்தம் ஐந்து. தளர்ந்துபோன ஸ்க்ரூ ஓட்டையில் தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, மறுபடி முறுக்கினார். ஹிஞ்சில் கதவைப் பக்கவாட்டில், உள்ளே வெளியே, மேலே கீழே நகர்த்தத் தனித்தனி ஸ்க்ரூ இருப்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் போதும். ஆக, ஏழு அடி என்றால் குறைந்தது நாலு, கண்ணாடி வைத்தால் ஐந்து. கதவு அகலம் ஒன்றரை அடியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

எல்லாக் கதவுக்கும் போட வேண்டும் என்றும் இல்லை. மேலே லாஃப்ட் கதவை வருடத்துக்கு இரண்டு முறை திறப்போமா? அங்கே சாதா ஹிஞ்ச்தான். சாதாவை விட இது விலை அதிகம், வீணாக்குவானேன்? சின்ன, லேசான கதவில் போட்டால் ரொம்ப மெதுவாக மூடி எரிச்சலூட்டும். சில ஹிஞ்சில் அதை நிறுத்தி வைக்க ஒரு குட்டி சுவிட்ச்சே இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஹிஞ்சை மாற்ற வேண்டாம். உள்பக்கம் திருகி வைக்கிற தனி டேம்பர் கிடைக்கிறது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

இப்போது அப்பாவும் தள்ளிவிட்டுப் போகிறார். ஆனால் மூடியதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார், இன்னும் நம்பிக்கை வரவில்லை. அம்மா போன வாரம் மூன்றேகாலுக்கு எழுந்து, "ஏன்டா யாரும் எழுப்பல?" என்று எங்களைத் திட்டினார்.

மிச்சம் இருப்பது ஹாலில் நிற்கிற இரும்பு பீரோ. தாத்தா வாங்கியது, மூடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதற்கு இந்த ஹிஞ்ச் எதுவும் பொருந்தாது. இப்போதைக்கு பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விளிம்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். வெயிலில் பசை இளகி ரெண்டு தடவை விழுந்துவிட்டது. உருப்படியான வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.