தொட்டி மீன் ஏரிக்கு ஆகாது

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கிவந்து வீட்டுத் தொட்டியில் மீன் வளர்ப்போர் வேலப்பன்சாவடி, பூந்தமல்லி வட்டாரத்திலும் உண்டு. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று நம்பி, அடியில் வாழும் சக்கர் கெளுத்தியையும் வாங்குகின்றனர். இது பாதி உண்மையே. பாசியைத் தின்னும், மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தானும் மிகுதியாகக் கழிவிடும். எனவே, மூழ்கும் தீவனத்தை இரவில் இட்டு, வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றவேண்டும்.

வாங்கும்போது விரலளவு, வளர்ந்தால் ஒன்றரை அடி. தொட்டி போதாதபோது பலர் ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகின்றனர். உயிரைக் காப்பதாக எண்ணிச் செய்யும் இச்செயலே உழவருக்குக் கேடாகிறது. தென் அமெரிக்க மீனான இது, சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் ஏற்கனவே பரவிவிட்டது. மழைக்காலத்தில் வெள்ளநீரோடு பண்ணைக் குட்டைக்கும் வந்துசேரும். கட்லா, ரோகு மீன்களோடு உணவுக்குப் போட்டியிடும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை இளகும். இதன் முள் வலையைக் கிழிக்கும். காற்றை விழுங்கியும் சுவாசிப்பதால் கெட்ட நீரிலும் பிழைக்கும். ஒருமுறை புகுந்தால் ஒழிப்பது அரிது.

சிறு தொட்டிக்கு, பெரும்பாலும் மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் கோரிடோரஸ் கெளுத்தியே ஏற்றது. மென்மணல் பரப்பி, ஐந்தாறாகச் சேர்த்து வளர்க்கலாம். சக்கர் எவ்வளவு வளரும் என்பதை விற்பவரே சொல்லவேண்டும். பெரிதானதைத் திரும்பப் பெறவும் முன்வரவேண்டும். குட்டையில் வலைவீசும்போது இது சிக்கினால், மீண்டும் நீரில் எறியாமல் கொன்று புதைத்துவிட வேண்டும். வந்தபின் அழிப்பதைவிட, வராமல் தடுப்பதே செலவில்லாத வழி.