கடப்பாரை ஓய்ந்த பிறகும் சாகிறதே பவளம்

"பவளப்பாறையை வெட்டி விற்றவர்களே மீனவர்கள்தான், இப்போது காலநிலை என்று ஏன் புலம்புகிறார்கள்? ஆழ்கடலுக்குப் போகட்டும்" என்கிறார்கள். முதல் பாதி பொய்யல்ல. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டது உண்மை. (வாங்கியவர் யாரென்று மட்டும் எவரும் கேட்பதில்லை.) சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில் அது ஓய்ந்தது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தனவே, அப்போது எந்தக் கடப்பாரை இறங்கியது? கடல்நீர் சூடேறியது, அவ்வளவுதான். 2016-ல் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23-க்குச் சரிந்தது.

ஆழ்கடல் யோசனையைத் தூத்துக்குடியை அடுத்த மீனவ ஊரான தருவைகுளத்துக்குச் சொல்வதுதான் வேடிக்கை. அவ்வூர் விசைப்படகுகள் செவுள்வலையோடு பல நாள் தங்கிப் பிடிப்பது பழைய கதை. போக முடியாதவர்கள் சிறு வள்ளக்காரர்கள். தீவோரப் பாறையும் கடற்புல்லும்தான் அவர்களுக்கு மீன் தருபவை.

செய்ய வேண்டியது தெரியாததல்ல. பவள அரண் இழந்த இந்தத் தீவுகளில் விலங்குசல்லி மூழ்கிவிட்டது. கரைந்துகொண்டிருந்த வான்தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அரிப்பு மட்டுப்பட்டது, பாறையில் மீனும் சேர்ந்தது. காரைச்சல்லித் தீவுக்கும் அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. பாறை எங்கே இறங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் வள்ளக்காரர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.