சமையலறைப் பக்கம்: ஓவனில் வேகும் ஜெர்மானியச் சாசேஜ்

ஜெர்மனியில் படிப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ தங்கியிருக்கும் பிள்ளைகள், விடுமுறைக்கு நீலசந்திரா வந்தவுடன் பிராட்வர்ஸ்ட் வேண்டும் என்று கேட்கின்றனர். தாய்மார்களும் குளிர்பதனக் கடையில் தேடி வாங்கி வந்து தோசைக்கல்லில் இடுகின்றனர். மேல்தோல் கருகுகிறது, வெட்டிப் பார்த்தாலோ நடுவே இளஞ்சிவப்பாகப் பச்சை இறைச்சி! இதற்கு வழி யாது என்று கேட்ட சகோதரிகளுக்காக இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வூர்ஸ்ட் என்றால் சாசேஜ். பிராட் என்பதை வறுத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பழைய ஜெர்மன் மொழியில் அச்சொல் கொத்திய நல்ல இறைச்சியையே குறித்தது. துரிஞ்சியா நாட்டு ஆர்ன்ஸ்டாட் நகரத்துக் கன்னிமாடத்தின் 1404ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், பிராட்வர்ஸ்ட் செய்வதற்காகக் குடல் வாங்கியதற்கு ஒரு குரோஷென் செலவு எழுதப்பட்டிருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கன்னியாஸ்திரீகள் குடலுக்குச் செலவுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது, மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்தான்.

சாசேஜ் நம் வட்டாரத்துக்குப் புதிய பண்டம் அன்று. 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தபோது சென்னைப் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் நம்மைச் சூழ வாழ்கின்றனர். வெள்ளைக்காரர் உணவுப் பழக்கங்களை அவர்கள் அருகிருந்து கண்டவர்கள். ஜெர்மானியத் தொடர்போ ஆடுகோடி வரையில் வந்து நிற்கிறது. மைக்கோ என்ற பெயரில் 1951இல் தோன்றிய நிறுவனம் அங்கேதான் தொழிற்சாலை நடத்தியது. 2008இல் அது பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நாம் வழக்கமாக வாங்கும் சிறு சாசேஜ்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வெந்து வருபவை. சூடு காட்டினால் போதும். பிராட்வர்ஸ்டோ பல வேளைகளில் பச்சையாகவே குடலில் அடைக்கப்பட்டு வருகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார். இரண்டுக்கும் சாசேஜ் என்றே பெயர். ஆதலின் உறையில் உள்ள எழுத்துகளை வாசித்து, வெந்ததா பச்சையா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுங்கள். ஐயம் இருப்பின் பச்சை என்றே கருதிச் சமைப்பது நலம்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் கட்டிகள் உயிரோடு இருந்தால், அதை உண்டவரின் குடலில் புழு வளரும். அதோடு தீங்கு நின்றுவிடுவதில்லை. அவருடைய மலத்தில் வெளிப்படும் முட்டைகள் கழுவாத கையாலும், அசுத்தமான நீராலும், கீரை காய்கறிகளாலும் பிறர் வயிற்றை அடைகின்றன. அங்கிருந்து இளம்புழுக்கள் இரத்தத்தின் வழியே மூளை வரை சென்று தங்குவதும் உண்டு. வலிப்பு நோய்க்கு இது ஒரு முக்கிய காரணம் என்பதை, நமக்கு அருகே ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். பன்றி இறைச்சியைக் கண்ணாலும் காணாத சைவக் குடும்பத்துக் குழந்தைக்கும் இந்நோய் வரக்கூடும் என்றால், ஒரு வீட்டு அடுப்பின் அரைவேக்காடு தெருவுக்கே உரிய விஷயமாகிவிடுகிறது அல்லவா? நன்றாக வேக வைப்பதும் சோப்பிட்டுக் கை கழுவுவதும் இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இனிச் சமையலுக்கு வருவோம். தோசைக்கல்லின் சூடு சாசேஜின் ஓர் ஓரத்தை மட்டுமே தொடுகிறது. உள்ளே இருக்கும் இறைச்சி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். நடுப்பகுதி சூடாவதற்குள் வெளிப்பகுதி கரியாகிறது. குடல் தோல் சுருங்கி வெடிக்கிறது. ஓவனிலோ வெப்பக் காற்று நாற்புறமும் சூழ்வதால் வேக்காடு ஒரே சீராக உள்ளே இறங்குகிறது. அந்தக் காரணத்தாலேயே பச்சைச் சாசேஜுக்குப் புதிதாகக் கை வைப்பவர்களுக்கு ஓவனே ஏற்றது என்பது எம் கருத்து.

உறைந்த பொட்டலத்தை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிடுங்கள். சமையல் மேடைமீது வைத்து உருக விடுவது கூடாது. மறுநாள் எடுத்து ஈரத்தைத் துடையுங்கள். ஈரம் இருந்தால் சிவக்காது. குழாயடியில் கழுவவே வேண்டாம்; பச்சை இறைச்சியின் நீர் தெறித்து அருகிலுள்ள பாத்திரங்களையும் கெடுக்கும். முள்கரண்டியால் குத்தும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். குத்தினால் கொழுப்பும் சாறும் வெளியேறி, எஞ்சுவது சக்கைதான்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் முன்னதாகவே சூடேற்றுங்கள். தட்டில் சிறிது எண்ணெய் தடவி, வட்டமாக அரிந்த இரண்டு வெங்காயங்களைப் பரப்பி, அதன்மேல் சாசேஜ்களை ஒன்றையொன்று தொடாதவாறு அடுக்குங்கள். வழியும் கொழுப்பை வெங்காயம் ஏற்றுக்கொள்ளும், புகையும் குறையும். சுமார் நூறு கிராம் எடையுள்ளவற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். பாதி நேரத்தில் இடுக்கியால் ஒருமுறை திருப்புங்கள். நியூரம்பெர்க் வகை விரல் நீளமே உள்ளது. ஒன்று இருபத்தைந்து கிராமுக்கு மேல் இராது. அதற்குப் பன்னிரண்டு நிமிடத்திலிருந்தே சோதிக்கத் தொடங்கலாம்.

நேரத்தைவிட நம்பத்தக்கது வெப்பமானி. அதன் முனையைச் சாசேஜின் நுனியிலிருந்து நீளவாக்கில் நடுப்பகுதி வரை செலுத்துங்கள். பன்றி, ஆட்டிறைச்சிச் சாசேஜ்களுக்கு 71 டிகிரியும், கோழிக்கு 74 டிகிரியும் காட்ட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், எல்லாவற்றிலும் தடித்த ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். சாறு தெளிவாகவும், சதை உள்ளே வரை வெளுத்தும் இருத்தல் அவசியம். மேலே பொன்னிறம் வந்துவிட்டது என்பதை அத்தாட்சியாகக் கொள்ளாதீர்கள். எடுத்தபின் ஐந்து நிமிடம் ஆறவிட்டால் சாறு உள்ளேயே தங்கும்.

பழைய வரிசை வீடுகளில் குடியிருப்போர் ஒன்றைக் கவனிக்க. 1500 வாட் ஓ.டி.ஜி. ஆறரை ஆம்பியருக்குமேல் மின்சாரம் இழுக்கும். சிறு சுவிட்சில் மாட்டாமல் 16 ஆம்பியர் பிளக்கிலேயே மாட்டுங்கள். மின்செலவு ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டுக்கு மேற்போகாது.

நியூரம்பெர்க் சாசேஜின் வாசனைக்கு மார்ஜோரம் என்னும் இலையே உயிர். இது வேறொன்றும் இல்லை. நம் பெண்கள் பூச்சரத்தில் வைத்துக் கட்டும் மருதான்! கன்னடத்தில் மருகா என்பர். கூந்தலுக்கு நாம் சூடிய இலையை அவர்கள் இறைச்சிக்குச் சூட்டினார்கள். ஆயினும் பூக்கடை மருவை வாங்கிச் சமையலில் இடாதீர்கள். சூடுவதற்கென்று வளர்த்ததில் என்ன மருந்து தெளித்தார்களோ யார் அறிவார்? தொட்டியில் ஒரு செடி வளர்த்துக்கொண்டால் வெங்காயத்தின்மேல் இரண்டு கொழுந்து கிள்ளிப் போடலாம்.

துரிஞ்சியாவில் பன்னைப் பிளந்து சாசேஜை வைத்துக் கடுகு விழுது தடவி உண்பர். புளிக்கவைத்த முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு பரிமாறுவதும் உண்டு. ரசம் சாதத்துக்கும் இது தோதான துணை என்று சொல்பவர் சிலர். இப்பக்கம் எழுதுபவளும் அந்தக் கட்சியே. நம் தெருவில் மும்மதத்தாரும் வாழ்வதால், விருந்தினர் அமருமுன்னரே இறைச்சி இன்னது என்று சொல்லிவிடுங்கள். குடல் தோல் எந்த விலங்கினது என்பதையும் உறையில் பாருங்கள். கோழிச் சாசேஜிலும் வேறு விலங்கின் தோல் இருக்கக்கூடும். கோழிக்கும் பன்றிக்கும் தட்டும் இடுக்கியும் வேறுவேறாக இருக்கட்டும்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் காலை அதை வில்லைகளாக அரிந்து, மிளகுத்தூள் தூவி முட்டையோடு வதக்கினால் பள்ளிக்கூட டப்பாவுக்கு ஆகும்.