கிணறு கமக்காரனுடையது, ஆய்வின் முடிவு எவருடையது?

வலிகாமத்திலே தோட்டஞ் செய்யும் கட்சிக்காரர் ஒருவர், காணி வழக்கொன்றின் பொருட்டு என்னைக் காண வந்தவர், பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி சொன்னார். அவருடைய கிணற்றிலே, சில ஆண்டு இடைவெளியில், மூன்று தடவை ஆய்வாளர்கள் வந்து போத்தல்களில் நீர் அள்ளிச் சென்றனராம். அவரும் மனமகிழ்ந்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி அனுப்பினாராம். எத்தனை அந்தர் பசளை இடுகிறார், நாளுக்கு எத்தனை மணி நேரம் இறைக்கிறார், மலக்குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தூரம் என்பன யாவும் குறிக்கப்பட்டன.

“தண்ணீர் எப்படி இருந்ததாம்?” என்று வினவினேன்.

“அதை ஆர் ஐயா எங்களுக்குச் சொன்னது?” என்றார் அவர்.

வந்தவர்கள் எந்த நிறுவனத்தார் என்பதையும் அவர் அறியார். அவர் கோபங்கொண்டு இதைச் சொல்லவில்லை, குறையென்றுகூடச் சொல்லவில்லை. கற்றவர்கள் வருவார்கள், அள்ளுவார்கள், போவார்கள். அதுவே உலக வழக்கு என்று அவர் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணமே எம்மைச் சுட்டது. தன் கிணற்றைப் பற்றிய உண்மையைத் தான் அறிதல் தன் உரிமை என்று ஒரு கமக்காரனுக்குத் தோன்றாத வண்ணம் அவனைப் பழக்கி வைத்தவர் யார்? இந்தக் கேள்வியை இன்று பல்கலைக்கழக அறிஞர்களின் முன்னே பகிரங்கமாக வைக்கின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைவது. வடகீழ்ப் பருவமழை பொழியும் சில மாதங்களிலே நிலம் உறிஞ்சும் நீரே ஆண்டு முழுவதற்கும் எமக்குக் குடிநீர். அதுவே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உயிர்நீர். செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல். அக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கும் நன்னீர், அதன் அடியிலுள்ள உவர்நீரின் மேலே மிதந்து கொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இக் கணக்கின் மறுபக்கத்தை எத்தனை கமக்காரர் அறிவர்? மேல்மட்டத்திலே ஓரடி குறைய இறைத்து விட்டால், கீழே உவர்நீர் நாற்பது அடி மேலெழுந்து வரும் என்பதன்றோ அதன் பொருள்! புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர்நீர் என்பதை ஊரார் எல்லாரும் கதையாக அறிவர். அக் கதையின் காரணம் தம் வீட்டுக் கிணற்றுக்கும் பொருந்தும் என்பதை எடுத்துச் சொல்வார் இலர்.

நைத்திரேற்று என்னும் பொருளின் கதை இதனினும் கொடிது. நாம் இடும் யூரியா மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. மண் அதனைப் பற்றி வைப்பதில்லை. மேலே நீரை அள்ளி இறைக்க இறைக்க, அது நீரோடு கரைந்து, கல்லின் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கே திரும்பி வருகிறது. மலக்குழிகளிலிருந்து கசிவதும் அதனோடு சேருகிறது. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டுள்ளது என்பதை 1980 ஆம் ஆண்டுகளிலேயே ஆய்வாளர் கண்டு எழுதினர். அதன்பின் எழுதப்பட்ட கட்டுரைகளுக்கும் குறைவில்லை.

எழுதினர், உண்மை. எந்த மொழியில்? எவர் படிக்க?

ஒன்றை மட்டும் இங்கே சொல்வோம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இந் நீர் ஆபத்தானது. குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். எம் தாய்மார் என்ன செய்கின்றனர்? நீரை நன்றாகக் கொதிக்க வைத்துப் பாலைக் கரைக்கின்றனர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். இந்த ஒரு வாக்கியம் வலிகாமத்திலுள்ள ஒவ்வொரு தாயின் காதிலும் விழுந்திருக்க வேண்டாமா? இதைச் சொல்லக் கோடி ரூபா வேண்டுமா? ஆய்வுகூடம் வேண்டுமா? தமிழும், ஒரு சனசமூக நிலையத்தின் வாங்குகளும், ஒரு மாலைப் பொழுதும் போதும்.

இனி, அறிஞர் தரப்பு நியாயங்களைக் கேட்போம். எதிர்த்தரப்பைக் கேளாது தீர்ப்புரைப்பது எமது தொழிலுக்கு அடுத்ததன்று.

“மக்களிடம் சொன்னால் பீதி கிளம்பும்” என்பது முதல் வாதம். பீதியைக் கிளப்புவது உண்மையன்று, அரைகுறை உண்மையே. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சுற்றாடலிலே கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது என்ற கூக்குரல் எழுந்ததை நாம் மறக்கவில்லை. ஓர் அறிக்கை ஒன்று சொல்ல, மற்றோர் அறிக்கை வேறொன்று சொல்லிற்று. நடுவிலே வாளியோடு நின்றவர் மக்கள். ஈற்றில், 2019 ஆம் ஆண்டு ஏப்பிரலில், நாட்டின் அதியுயர் நீதிபீடமாகிய உயர் நீதிமன்றம், அங்கு மின்னிலையம் நடத்திய கம்பனி நிலத்தடி நீர் மாசடைந்தமைக்குப் பொறுப்பு எனக் கண்டு, பிரதேச மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. விஞ்ஞானிகள் தம்முள் வேறுபடுதல் பாவமன்று. அது விஞ்ஞானத்தின் இயல்பு. ஆனால் எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எதனை அளந்தோம், ஆதலால் எங்கே வேறுபடுகின்றோம் என்று மக்கள் முன் நின்று விளக்காமை பாவமே. கிணற்று நீரைக் குடிக்கலாமா என்ற வினாவுக்கு விடை காண ஒரு சமூகம் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், சட்டத்தரணிகளுக்கு அது தொழிலாகலாம். அறிஞர்களுக்கு அது புகழாகாது.

“விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லச் சொற்கள் இல்லை” என்பது இரண்டாவது வாதம். இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? 1847 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே எம் இளைஞருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் தமிழில் அச்சேறின. கடல் கடந்து வந்த ஒருவர், எம் மொழியைப் படித்து, சொல் இல்லாத இடத்தே சொல் ஆக்கி, பிணியாளனுக்கு விளங்கும் மொழியிலே வைத்தியம் நடக்க வேண்டும் என்று உழைத்தார். நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், இம் மண்ணிலே பிறந்து, தாயின் மடியிலே தமிழ் பயின்ற அறிஞர் சொல் இல்லை என்கிறார். இல்லாதது சொல்லன்று ஐயா, மனமே!

“இது எம் வேலையன்று, விவசாயப் போதனாசிரியரின் வேலை, சுகாதாரப் பரிசோதகரின் வேலை” என்பது மூன்றாவது வாதம். அவர்கள் தம் கடமையைச் செய்யட்டும். ஆனால் போத்தலோடு கிணற்றடிக்கு வந்தவர் போதனாசிரியர் அல்லர், நீங்களே. நீதிபதி ஒருவர் சாட்சியங்களையெல்லாம் கேட்டுத் தீர்ப்பையும் எழுதி, அதனை மேசை இழுப்பறையிலே பூட்டி வைத்து, வழக்காளிக்கு அறிவிப்பது பதிவாளரின் வேலை என்றிருந்தால் ஏற்பீர்களா? தீர்ப்பைத் திறந்த மன்றிலே உரைக்க வேண்டும் என்பது நீதியின் அலங்காரமன்று, அதன் உயிர்நாடி.

நான்காவது வாதம் ஒன்று உண்டு. அதிலே நியாயமும் உண்டு. கிராமத்துக்குச் சென்று பேசும் விரிவுரையாளரை விட, பிறநாட்டுச் சஞ்சிகையில் எழுதுபவருக்கே பதவி உயர்வில் மதிப்பு அதிகம். பத்திரிகைகள் சிலவேளை சொன்னதைத் திரித்து, தலையங்கத்திலே தீ மூட்டிவிடுகின்றன என்பதும் பொய்யன்று. இவ்விரு இடையூறுகளையும் பொருட்படுத்தாது, தம் சொந்த நேரத்திலே ஊர் ஊராகச் சென்று பேசும் அறிஞர் சிலர் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்குத் தலைவணங்குகின்றோம். ஆனால் சிலரின் தியாகத்தின் மீது ஒரு சமூகத்தின் குடிநீரை ஒப்படைத்து வைத்தல் முறையாகுமா? கடமையாக வேண்டியது கருணையாக நிற்கின்றது.

2021 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே வீச்சில் தடை செய்தது. நாட்டின் விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தனர், எச்சரிக்கை ஏறவில்லை. பயிர் வாடிக் கமக்காரன் வீதியில் இறங்கிய பின்னர், நவம்பரிலே தடை நீங்கியது. அதற்கு முன்னர், வேண்டிய அளவுக்கு மேலே அள்ளியிட்டுக் கிணற்றைக் கெடுத்தோம். பின்னர், ஒரு பிடியும் இல்லாது பயிரைக் கெடுத்தோம். இவ்விரண்டுக்கும் நடுவிலே, ‘இம் மண்ணுக்கு, இப் பயிருக்கு, இவ்வளவு போதும்’ என்னும் அளவான சொல் ஒன்று உண்டு. அச் சொல் விஞ்ஞானியிடம் இருந்தது. அது ஊரின் பொதுச் சொத்தாக இருந்திருந்தால், கொழும்பிலிருந்து வரும் எந்தக் கட்டளையையும் எடைபோட எம் கமக்காரனிடம் ஒரு தராசு இருந்திருக்கும்.

இலண்டன் றோயல் நிறுவனத்திலே 1812 ஆம் ஆண்டு, ஹம்பிறி டேவி என்னும் விஞ்ஞானி பொதுமக்களுக்குச் சொற்பொழிவாற்றினார். கேட்டிருந்தோருள் ஒருவன், கொல்லனின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவன். அவனே பின்னாளில் மைக்கேல் பரடேயாக உலகுக்கு மின்னாக்கியின் தத்துவத்தைத் தந்தான். சிறுவர்க்கென 1825 ஆம் ஆண்டிலே அங்கு தொடங்கிய கிறிஸ்மஸ் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன. மக்களிடம் பேசுவதால் விஞ்ஞானம் தரந்தாழும் என்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதையும் கூறிவைப்போம். தகவலறியும் உரிமை 2015 ஆம் ஆண்டின் 19 ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாயிற்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் உயர்கல்வி நிறுவனங்களையும் பகிரங்க அதிகாரசபை என்னும் வரையறைக்குள் அடக்குகின்றது. தன் கிணற்றின் முடிவை எழுதிக் கேட்கக் கமக்காரனுக்கு வழி உண்டு. வேண்டின், மனு எழுதிக் கொடுக்க எம்மைப் போன்றோரும் உளர். ஆனால் இளநீர் வெட்டிக் கொடுத்தவனைச் சட்டப் புத்தகத்தோடு உங்கள் வாயிலில் நிற்க வைக்காதீர்கள் என்பதே எம் வேண்டுகோள்.

நாம் கேட்பவை நான்கே. நீர் எடுத்த ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் முடிவு தமிழில் ஒரு துண்டில் எழுதி வழங்கப்பட வேண்டும். வெளியிடப்படும் ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இருத்தல் வேண்டும். ஆய்வு நடந்த ஊரிலே ஒரு கூட்டம் வைத்து, அறிந்தது இது, அறியாதது இது என இரண்டையும் ஒளிக்காது சொல்ல வேண்டும். நைத்திரேற்றுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டோ என்று ஒருவர் கேட்டால், அது இன்னும் உறுதி செய்யப்படவில்லை என்று நேர்மையாகச் சொல்வதும் விஞ்ஞானமே. இப் பணிக்குப் பதவி உயர்விலே மதிப்பளிக்கப் பல்கலைக்கழகங்கள் விதி செய்தல் வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு சொல். இந்நாட்டிலே பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்றால், அதன் செலவை நீங்கள் கொடுக்கும் வரி சுமக்கின்றது என்பதே பொருள். அறிஞரை மதியுங்கள், அஞ்சாதீர்கள். அடுத்த முறை போத்தலோடு ஒருவர் படலையைத் திறந்து வந்தால், இளநீர் கொடுங்கள். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லுங்கள். அவர் புறப்படும்போது ஒன்றைக் கேளுங்கள்: “தம்பி, முடிவை எப்போது கொண்டுவந்து சொல்வீர்கள்?”

திகதி குறித்த பின்னரே போத்தல் படலையைத் தாண்டட்டும்.