சிரட்டை தேய்க்கும் தட்டைப் பராமரிப்போம்



புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றும் சேர்ந்த தென்னை முக்கோணத்தில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரையில் குடியேறிய குடும்பங்களிலும் சிரட்டையில் அகப்பையும் கிண்ணமும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் இருக்கிறார்கள். கனமூலைப் பக்கம் போகும்போது நான் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "சாண்ட் பேப்பர் தட்டு இரண்டு நாளில் போய்விடுகிறது, லாபமெல்லாம் அதற்கே போகிறது."

பெரும்பாலும் அந்தத் தட்டு தேய்ந்து போவதில்லை, அடைபட்டுத்தான் போகிறது. சிரட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேங்காய்ப் பருப்பின் எண்ணெய், சூட்டில் தூளோடு குழைந்து மணல்களுக்கு இடையில் இறுகிவிடும். தட்டு பளபளக்கும், கருகல் மணம் வரும். உடனே நாம் இன்னும் அழுத்துவோம். அழுத்தினால் சூடு கூடும், பின்பக்க வெல்குரோ முட்களும் உருகிவிடும். ஆகவே முதலில் சிரட்டையை நன்றாகச் சுரண்டி வெயிலில் காய வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடைபட்ட தட்டைச் சுத்தம் செய்ய கிரேப் றப்பர் போதும். இது நம் நாட்டிலேயே உற்பத்தியாகும் பொருள். பழைய கிரேப் அடிப்பாதச் செருப்பு ஒன்று கிடைத்தால் துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மெசினை மெதுவாக ஓடவிட்டு இலேசாகப் பிடித்தால் தூள் றப்பரில் ஒட்டி வந்துவிடும். சாதாரண ஸ்பொஞ்ச் செருப்பு இதற்குச் சரிவராது. கடதாசித் தட்டைத் தண்ணீரில் கழுவவே வேண்டாம். நனைத்துத் தேய்ப்பதற்கென்று விற்கும் கறுப்பு வோட்டர் பேப்பர்தான் ஈரம் தாங்கும்.

வெல்குரோ திண்டை பழைய பல் தூரிகையால் தட்டிவிடுங்கள். தின்னர், பெற்றோல் பூசினால் திண்டு கெட்டுவிடும். அதற்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையும் கழற்றுங்கள். மெசினின் காற்றுத் துவாரங்களுக்குச் சைக்கிள் பம்ப் நல்லது. களப்புக் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் தட்டுகளை மூடியுள்ள பிஸ்கட் டின்னில் தட்டையாக அடுக்குங்கள். ட்ரில்லின் வாய்ப்பகுதியில் ஒரு துளி எண்ணெய் துடைக்கலாம், தட்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ட்ரில்லுக்கென விற்கும் றப்பர்த் திண்டை கிரைண்டரில் பூட்டாதீர்கள். ட்ரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். நான்கு அங்குல கிரைண்டரோ 11,000 அளவில் சுற்றும். திண்டு சிதறினால் முகத்துக்குத்தான் வரும். திண்டின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். முந்தானை, பர்தா நுனி, கூந்தல் எல்லாவற்றையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

தூளைப் பற்றி யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995 இலேயே வகைப்படுத்தியது. சிரட்டைத்தூளும் நெஞ்சுக்கு நல்லதல்ல. சேலைத்துணியைக் கட்டினால் நுண்தூள் நிற்காது. தூளுக்கென விற்கும் முகக்கவசம் வாங்குங்கள். வேலையை முற்றத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச, வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் ஏணை அந்தத் தாழ்வாரத்திலேயே தொங்குவதைப் பல வீடுகளில் காண்கிறேன். அதை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டு மெசினைப் போடுங்கள்.