இளவேனிலும் மூன்று வரிகளும்

பங்குனி பிறந்ததும் எங்கள் டயாலிசிஸ் பிரிவின் பின்புறத்து வேம்பு தளிர்விடத் தொடங்குகிறது. சித்திரைக்குள் பூத்துவிடும். அதன் மணம் உள்ளே வருவதில்லை. குளிர்சாதனத்துக்காகச் சன்னல்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அம்மரத்திலிருந்து சில அடி தொலைவில் படுத்திருப்பவர்களில் பலர் அப்படி ஒரு மரம் இருப்பதையே அறியார்.

இம்மடலின் ஆசிரியர் குழு இளவேனில் இதழுக்காக நோயாளிகளிடமும் உடனிருப்போரிடமும் குறுங்கவிதைகள் கேட்டிருக்கிறது. இயற்கை, இறைநம்பிக்கை, உள்ளத்தின் புத்துயிர்ப்பு ஆகியவை பொருள். அழைப்பை மனமார வரவேற்கிறோம். ஆனால் எத்தகைய கவிதைகளை எதிர்பார்க்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அது நாங்கள் செய்த பிழை ஒன்றிலிருந்து பிறந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதோர் அழைப்பின்போது, எங்களிடம் நெடுநாள் சிகிச்சை பெற்றுவந்த பெரியவர் ஒருவர் மருந்துச்சீட்டின் பின்புறத்தில் மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தார். படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது ஐயா, முடிவில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரியும்படி மாற்றித் தரமுடியுமா?" என்று கேட்டோம். அவர் சிரித்தபடி தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுபடி தரவில்லை. நாங்களும் மறந்துபோனோம். அவர் இப்போது இல்லை. அவருடைய மகள் அண்மையில் வந்து அத்தாளைக் காட்டினார். அவருடைய இசைவோடு அதை இங்கே தருகிறோம்.

வேம்பு பூத்துவிட்டதாம்.
இரண்டு மிடறு தண்ணீரை
நாள் முழுதும் குடிக்கிறேன்.

இதில் எதை மாற்றச் சொன்னோம் என்று இப்போது எங்களுக்கே விளங்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளவேனில் எப்படிப்பட்டது என்பதை எங்களைவிட அறிந்தவர் யார்? ஊரெல்லாம் இளநீரும் மாம்பழமும் நுங்கும் வந்திறங்கும் காலம் அது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத்துடிப்பே தடுமாறும் என்று தடை விதிப்பவர்கள் நாங்கள். பலருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குள் தண்ணீர் என்று எழுதிக்கொடுப்பவர்களும் நாங்கள். நாக்கு வறண்டால் பனிக்கட்டித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்கிறோம். அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கச் சொல்கிறோம். பிறருக்குப் பூக்காலமாக வருவது இவர்களுக்குத் தாகமாக வருகிறது. அந்தப் பெரியவர் இரண்டையும் மூன்று வரிகளில் அருகருகே வைத்துவிட்டார். "பூத்துவிட்டதாம்" என்கிறார், பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லில் அடைத்த சன்னலும் இருக்கிறது.

இளவேனிலைப் பாடினால் மகிழ்ச்சியைத்தான் பாடவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தமிழ் மரபிலிருந்து வரவில்லை. ஐங்குறுநூற்றில் 'இளவேனிற் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. ஓதலாந்தையார் பாடிய பாலைத்திணைப் பாடல்கள். ஒவ்வொன்றும் ஒரு சில அடிகளே. குயில் கூவுகிறது, கோங்கு மலர்கிறது, குரவம் பூக்கிறது, வேம்பும் வருகிறது. வரவேண்டிய தலைவன் மட்டும் வரவில்லை. பத்துப் பாடல்களிலும் பருவம் வந்துவிட்டது, அவர் வரவில்லை என்ற ஒரே ஏக்கந்தான். காத்திருப்போர் கூடத்தில் அமர்ந்திருக்கும் எவருக்கும் இதை உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

இறைநம்பிக்கை பற்றியும் இவ்வாறே சொல்லத் தோன்றுகிறது. "கடவுளைப் பற்றிக் கோபமாக எழுதலாமா டாக்டர்?" என்று ஓர் அம்மா எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். சமயத் தீர்ப்பு வழங்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆயினும் கேட்டவருக்கு ஒன்றை நினைவூட்டினோம். கண்ணொளி இழந்த சுந்தரர் இறைவனைத் தொழுதது மட்டுமன்றி, உரிமையோடு சினந்தும் பாடினார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. விவிலியத்தின் யோபு தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். அவருடைய முறையீடு பல அதிகாரங்களுக்கு நீள்கிறது. திருக்குர்ஆன் பொறுமைக்கு இலக்கணமாகக் காட்டும் ஐயூப் நபியும் தம் துன்பத்தை இறைவனிடம் சொல்லியே அழைக்கிறார். முறையிடுவது நம்பிக்கையின்மை என்று இவர்களில் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை என்று முடிவு செய்தவர் முறையிடுவாரா?

குறுங்கவிதை என்றவுடன் ஐக்கூவை நினைப்போர் உண்டு. 1916-இல் சுதேசமித்திரனில் பாரதியார் சப்பானியக் கவிதை பற்றி எழுதிய காலந்தொட்டுத் தமிழுக்கு அது அறிமுகந்தான். அதன் மரபில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இடம்பெற வேண்டும். பதினேழு அசைக் கணக்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டா. தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் மூன்று வரி என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மருத்துவர்கள் என்ற முறையில் எங்களை ஈர்ப்பவர் மசஒக்கா சிக்கி. 1867-இல் பிறந்து 1902-இல் மறைந்தவர், காசநோயாளி. இருமலில் இரத்தம் வந்தபின் அவர் சூட்டிக்கொண்ட 'சிக்கி' என்ற பெயர் ஒருவகைக் குயிலைக் குறிக்கும். அப்பறவை இரத்தம் கக்கும்வரை பாடும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. நோய் முதுகெலும்பைத் தாக்கியபின் இறுதி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். கண்ணுக்கு எட்டிய சிறு தோட்டமே அவருக்கு உலகம். கண்டதைக் கண்டபடி எழுதுக என்பது அவர் வற்புறுத்திய நெறி.

இனி, கவிதை எழுதினால் நோய் தீருமா என்ற கேள்வி. தீராது. கிரியாட்டினின் இறங்காது, மருந்தைக் குறைக்கவும் முடியாது. 1999-இல் ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ளவர்களைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தை மூன்று நாள்கள், நாளுக்கு இருபது நிமிடம் எழுதியவர்களிடம் நான்கு மாதங்களுக்குப் பின் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. அதன்பின் வந்த ஆய்வுகள் எல்லாம் அவ்வளவு தெளிவான பயனைக் காட்டவில்லை. அதில் எங்கள் கவனத்தைக் கவர்ந்தது வேறு: அவர்களை நல்லதை எழுதச் சொல்லவில்லை, நடந்ததை எழுதச் சொன்னார்கள். இயற்கையைப் பொறுத்தவரை உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல்வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். இருந்தும் அதைப் படித்தபின் எங்கள் அடைத்த சன்னல்களைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. திரைச்சீலைகளையாவது விலக்கி வைக்கும்படி கேட்டிருக்கிறோம்.

எழுத விரும்புவோருக்குச் சில சொற்கள். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் ஃபிஸ்துலாவைக் கூடியவரை எழுதாத கையில்தான் அமைக்கிறோம். ஆகவே பெரும்பாலோருக்கு எழுதும் கை விடுதலையாக இருக்கும். ஊசி உள்ள கையை அசைக்காதீர்கள், தாளை மார்பின்மேல் ஓர் அட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த ஒன்றை எழுதுங்கள். 'வசந்தம்' என்ற சொல்லைவிட வரும் வழியில் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு புங்கம்பூ மேல். கைநடுக்கம் உள்ளவர்கள் சொன்னால் செவிலியர் எழுதித் தருவார்கள்; ஒரு சொல்லையும் திருத்தக்கூடாது என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

உடனிருப்போரும் எழுதவேண்டும். நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்கும் உங்களை எங்கள் பதிவேடுகள் எதிலும் காணமுடியாது. கணவரை அழைத்துவரும் ஒருவர் சென்ற வாரம் கொடுத்தது இது:

பெஞ்சின் அடியில் புங்கம்பூ.
கூட்டுபவரிடம் சொன்னேன்,
அவர் வரும்வரை இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எழுதியதில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தெரிந்தால், அதைக் கவிதை என்று மட்டும் படித்துவிட்டுப் போகமாட்டோம். உங்கள் கட்டிலருகே வந்து அமர்ந்து பேசுவோம். எழுதியது குற்றம் என்பதற்காக அன்று, அந்த எண்ணத்துக்கும் மருத்துவம் உண்டு என்பதற்காக.

நோட்டுப் புத்தகம் செவிலியர் மேசைமேல், எடைபார்க்கும் கருவிக்கு அருகில் இருக்கிறது. பேனா நூலால் கட்டப்பட்டுள்ளது. பெயர் எழுதவேண்டிய கட்டாயமில்லை. முதல் பக்கத்தில் அந்தப் பெரியவரின் மூன்று வரிகளை, அவர் எழுதியவாறே, அவர் மகள் எழுதிவைத்திருக்கிறார்.